ஒன்றரை மில்லி தூள்

நைனாவுக்கு இடுப்பில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்த வாரம், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்த காசிமேட்டு அத்தை, "இரும்ப உள்ள வச்சா ஒடம்பு ஏத்துக்குமா? பதினெட்டு வருசம் தாங்குனதே பெருசு" என்றார். நைனாவோடு பட்டறையில் வேலை பார்த்த மாமா, "அந்தக் காலத்துல மட்டமான சரக்க வச்சி உட்டானுங்க" என்று முடித்துவிட்டார். மாடி போர்ஷன் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "இவரு எங்க சும்மா குந்துனாரு? சைக்கிள மிதிச்சிகினு எம்.சி. ரோடு வரிக்கும் போவாரு. ஆட்டம் காணாம இன்னா பண்ணும்?" உடம்பு, சரக்கு, நைனாவின் கால் என்று மூன்று குற்றவாளிகள். மூன்றிலும் துளி உண்மை இருந்தது. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். அரைகுறை உண்மை அப்படி விடுவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் யாராவது "வச்ச மூட்டு லூஸ் ஆயிடுச்சாம்" என்று சொன்னால் எனக்கு வாய் நமநமக்கிறது.

நைனா டர்னர். வியாசர்பாடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வாழ்நாள் முழுக்க நின்றவர். நாற்பதைத் தாண்டியதும், தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு செத்து உள்வாங்கிப் போனது. 1999-ல் மூட்டை மாற்றினார்கள். இடுப்பெலும்பில் பதிந்த உலோகக் கிண்ணம், அதற்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் லைனர், லைனருக்குள் சுழல 28 மில்லிமீட்டர் கோபால்ட்-குரோமியப் பந்து, பந்தைத் தாங்கத் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு. சீக்கிரமே மறுபடி லேத்தின் முன்னால் நின்றார். முதல் இரண்டு வருடம் செக்கப்புக்குப் போனார். அப்புறம் வலியும் இல்லை, லீவும் இல்லை, போகவில்லை. எங்கள் பக்கத்தில் வலி இல்லாதவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அது வேறு யாரையாவது பார்க்கத்தான்.

2017-ல் நாற்காலியிலிருந்து எழுந்து முதல் சில அடி வைக்கும்போது தொடையிடுக்கில் குத்த ஆரம்பித்தது. டாக்டர் முதலில் சந்தேகப்பட்டது சீழை. உடம்பில் சீழோ அழற்சியோ இருந்தால் ஏறும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளை ரத்தத்தில் பார்த்தார்கள். மூட்டுக்குள் ஊசி விட்டுத் தண்ணீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை. நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அடுத்த நாள் போனோம்.

பழைய படமும் புதுப் படமும்

ஸ்டீல் பீரோவில் ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியில், பழுப்புக் கவரில் 2001-ல் எடுத்த எக்ஸ்ரே பத்திரமாக இருந்தது. டாக்டர் அதையும் புதுப் படத்தையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். இளவயசு டாக்டர், அவசரப்படாத ஆள். பழைய படத்தில் பந்து கிண்ணத்தின் நடுவில் இருந்தது. புதியதில் மேலே ஏறி, வெளிப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. அது எனக்கே தெரிந்தது. அவர் பேனாவால் காட்டிய பிறகுதான் தெரிந்தது மற்றது. கிண்ணத்துக்குப் பின்னால், இடுப்பெலும்பு வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கறுப்பாகக் குழிகள். ஓரமெல்லாம் அலையலையாக அரித்திருந்தது. பிடித்துக்கொண்டிருந்த ஸ்க்ரூ ஒன்றைச் சுற்றி எலும்பே இல்லை. ஸ்க்ரூ வெறும் இருட்டில் நின்றது.

"இவ்ளோ எலும்பு போனது ஒரு வருசத்துல நடந்தது இல்ல ஐயா. பல வருசமா நடந்துருக்கு. வலிக்காது. கிண்ணம் ஆட ஆரம்பிச்ச பிறகுதான் வலி. கிருமி எதுவும் இல்ல. இந்த எலும்ப எடுத்தது உங்க ஒடம்பேதான்."

நைனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. "லைனர் தேஞ்சிருக்கு, அது தெரியுது சார். தேஞ்ச தூளு எங்க போச்சி?" என்றார்.

டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். "அந்தத் தூள்தான் ஐயா கதையே" என்றார். வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. அவர் கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்.

அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. லேத்தில் கியர் பெட்டி தேய்ந்தால் தூள் எண்ணெயோடு அடியில் போய்த் தங்கும். ட்ரெய்ன் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக வழியும், புது எண்ணெய் ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். உடம்பில் அந்த பிளக் இல்லை. கொஞ்சம் தூள் நிணநீரோடு போய் நிணநீர்க் கணுக்களில் தங்குகிறது. ஈரலிலும் மண்ணீரலிலும்கூடப் பார்த்திருக்கிறார்கள். மிச்சமெல்லாம் மூட்டைச் சுற்றியே கிடக்கிறது. சும்மாவும் கிடப்பதில்லை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே எங்கே சந்து இருக்கிறதோ, ஸ்க்ரூ ஓட்டை உட்பட, அங்கெல்லாம் தூளைத் தள்ளிக்கொண்டு போகிறது.

விழுங்கத் தெரியும், செரிக்கத் தெரியாது

1882-ல் இத்தாலியின் மெசினா நகரத்தில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டு மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தார். நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கப் பார்க்கும் செல்கள் என்று அவர் புரிந்துகொண்டதற்குத்தான் 1908-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நைனாவின் இடுப்பில் பதினெட்டு வருடம் நடந்தது அதே வேலைதான். மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் செல் தூளைப் பார்க்கிறது, விழுங்குகிறது. பாக்டீரியாவாக இருந்தால் உள்ளே இருக்கும் நொதிகளால் கரைத்துவிடும். லைனர் செய்த பிளாஸ்டிக்கான பாலிஎதிலீனைக் கரைக்க அதனிடம் நொதி கிடையாது. விழுங்கியதை வைத்துக்கொண்டு அல்லாடுகிறது, ஆபத்து என்று சமிக்ஞை விடுகிறது, கடைசியில் செத்தும் போகிறது. செத்தால் தூள் வெளியே வரும். அடுத்த செல் வந்து அதையே விழுங்கும்.

தூளின் அளவும் முக்கியம். பெரிய துணுக்கை இந்தச் செல்லால் விழுங்க முடியாது. பல செல்கள் ஒன்றாகி ராட்சத செல்லாக அதைச் சூழ்ந்து அடக்கிவைக்கும். அதிகத் தொந்தரவு தருவது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே, 0.1-லிருந்து 1 மைக்ரான் வரை இருக்கும் பொடி. அது கிட்டத்தட்ட ஒரு சின்ன பாக்டீரியாவின் அளவு. இடுப்பு மூட்டில் பாலிஎதிலீன் தேயும்போது பெரும்பாலும் இந்த அளவில்தான் உதிர்கிறது என்பதைக் கெட்ட நேரம் என்றுதான் சொல்லவேண்டும்.

எலும்பு எப்படிக் கரைகிறது என்பதில்தான் என்னை உலுக்கிய விஷயம் இருக்கிறது. நல்ல எலும்பும் எப்போதும் கரைந்துகொண்டும் கட்டப்பட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் பத்து சதவீத எலும்பு இப்படிப் புதுசாகிறது. கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட், கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட். கரைக்கும் செல் எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, ஓரத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தையும் கேத்தெப்சின்-கே என்ற நொதியையும் ஊற்றும். ஒரு குழி தோண்டச் சில வாரம் போதும். அதை நிரப்ப மாதக்கணக்கில் ஆகும்.

மேக்ரோஃபேஜ் விடும் சமிக்ஞைகள், டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்றவை, பக்கத்துச் செல்களை ராங்க்-எல் என்ற புரதத்தை அதிகமாக வெளியிட வைக்கின்றன. ராங்க்-எல்தான் கரைக்கும் செல்லை உருவாக்கும் உத்தரவு. அந்த உத்தரவைத் தடுக்கும் ஓ.பி.ஜி. என்ற இன்னொரு புரதம் அங்கே போதாமல் போகிறது. 1990-களின் கடைசியில்தான் இந்த இரண்டையும் கண்டுபிடித்தார்கள். நைனாவுக்கு முதல் ஆபரேஷன் நடந்த காலம். உத்தரவு கிடைத்ததும் கரைக்கும் செல்லாக மாறுவது யார்? ரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்ற வெள்ளையணு வம்சத்து செல்கள்தான், ஒன்றோடு ஒன்று இணைந்து. மேக்ரோஃபேஜும் அதே வம்சம். தூளைத் தின்ன வந்ததும் எலும்பைத் தின்றதும் பங்காளிகள். இது போதாதென்று கட்டும் செல்களையும் தூள் மந்தமாக்குகிறது. ஆக வெளியே போகமுடியாத தூள் இருக்கும் வரை கரைப்பு ஓயாது, கட்டுமானம் ஈடுகொடுக்காது, நடுவில் கிண்ணம் பிடிமானம் இழக்கும். கிண்ணம் ஆட ஆரம்பித்துவிட்டால் சந்து பெரிதாகும், தூள் இன்னும் உள்ளே போகும்.

வெர்னியர்

ஆபரேஷனில் கிண்ணத்தை எடுத்துவிட்டு, குழிகளில் இருந்த சதைப்படலத்தைச் சுரண்டி, தானமாக வந்த எலும்பைப் பொடித்து அடைத்து, புதுக் கிண்ணம் வைத்தார்கள். தண்டு உறுதியாக இருந்ததால் அதைத் தொடவில்லை. பந்தை மட்டும் மாற்றினார்கள். நைனா கேட்டுக்கொண்டதால் பழைய லைனரைச் சுத்தம் செய்து கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பட்டறையிலிருந்து வந்த பழைய மிடுடோயோ வெர்னியரை எடுத்தார். எண்ணெய்த் துணியால் தாடையைத் துடைத்தார். லைனரின் விளிம்பு பழுப்பேறியிருந்தது. உட்பக்கத்தில் பாதி வழவழவென்று மினுங்கியது. மீதிப் பாதியில் மெல்லிய வட்டக் கோடுகள். அதைத்தான் முதலில் காட்டினார். "டூல் மார்க்டா இது. எவனோ டர்னர் கடைஞ்சது. இந்தப் பக்கம் பந்து ஒரசவே இல்ல, அதான் கோடு அப்டியே நிக்குது." அளந்தார். தேயாத பக்கம் 8.1 மில்லிமீட்டர். தேய்ந்த பக்கம் 5.4. புதுசில் கொஞ்சம் அழுந்துமே தவிர அது தேய்மானம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்ததால் 0.2-ஐக் கழித்தார். மிச்சம் இரண்டரை மில்லிமீட்டர், பதினெட்டு வருடத்துக்கு. வருடத்துக்கு 0.14. வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் எலும்பரிப்பு அபூர்வம் என்பதும், அதற்கு மேல் போகப்போக ஆபத்து ஏறும் என்பதும் இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

அப்புறம் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுக் கன அளவு போட்டார். 14 மில்லிமீட்டர் ஆரமுள்ள பந்து இரண்டரை மில்லிமீட்டர் இறங்கினால் சுமார் 1,500 கன மில்லிமீட்டர். ஒன்றரை மில்லி. இருமல் மருந்து மூடியில் ஊற்றினால் அடியை நனைக்கும், அவ்வளவுதான். "இத்தினி தூளுக்கா இவ்ளோ கூத்து?" என்றார். மிச்சக் கணக்கை நான் போட்டேன். தூள் எல்லாமே அரை மைக்ரான் உருண்டை என்று வைத்துக்கொண்டால் அந்த ஒன்றரை மில்லியில் 23 லட்சம் கோடி உருண்டைகள். சராசரி ஆள் ஒரு காலால் வருடத்துக்குப் பத்து லட்சம் அடி வைக்கிறான். பதினெட்டு வருடத்துக்கு 1.8 கோடி அடி. ஒரு அடிக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். உண்மையில் எல்லாம் ஒரே அளவாக உதிராது. ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கால லைனர்களுக்குச் சொல்வதும் அடிக்கு லட்சக்கணக்கில்தான். எடையில் ஒன்றுமில்லாதது எண்ணிக்கையில் இப்படிப் பெருகும்போது, விழுங்க வரும் செல்களுக்கு வேலை ஓயவே ஓயாது.

யார்மேல் பழி

ஆளைத் தப்பாகப் பிடிப்பது எங்கள் தெருவில் மட்டும் நடப்பதில்லை. இடுப்பு மாற்று ஆபரேஷனை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானில்தான் கிண்ணம் செய்தார். வழுக்கும் பொருள் ஆயிற்றே என்று. சில வருடத்தில் அது தேய்ந்து குவிந்து, சுற்றிச் சதை வீங்கி, நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு மறுபடி கத்தி வைக்கவேண்டி வந்தது. டெஃப்லான் தூளையும் பாலிஎதிலீன் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார் மனுஷன். டெஃப்லான் கட்டி கட்டியது, மற்றது கட்டவில்லை. அந்தப் பாலிஎதிலீன் அவரிடம் வந்த விதத்தை நைனா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார். 1962-ல் நெசவுத் தறிகளுக்குப் பிளாஸ்டிக் கியர் விற்கும் ஒருவர் கொண்டுவந்த சாம்பிள் அது. சார்ன்லியின் ஆய்வகத்தில் இருந்த ஹாரி க்ரேவன் அதைத் தேய்மான மெஷினில் போட்டு ஓட்டிப் பார்த்தார். தேயவே மாட்டேன் என்றது. சர்ஜன் பெயர் நிலைத்தது சரி, மெஷினை ஓட்டியவனையும் சொல்லு என்பது நைனாவின் கட்சி.

வருடங்கள் போனதும் அந்தப் புது மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்தது. மூட்டை ஒட்டப் பயன்படும் எலும்பு சிமென்ட்தான் காரணம் என்று நினைத்து "சிமென்ட் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். சிமென்டே இல்லாத மூட்டுகளைச் செய்தார்கள். நைனாவுக்கு வைத்ததும் அந்த வகைதான். அவற்றிலும் கரைந்தது. ஜெர்மானியர் வில்லர்ட் 1970-களிலேயே திசுவுக்குள் தேய்மானத் தூளைப் பார்த்து எழுதியிருந்தும், பழி சரியான இடத்துக்கு வந்து சேரப் பல வருடம் பிடித்தது. பிளாஸ்டிக்கே வேண்டாம், உலோகத்தோடு உலோகம் உரசட்டும் என்று போனவர்கள் வேறு வம்பில் மாட்டினார்கள். உலோகத் தூள் இன்னும் நுண்ணியது; கூடவே அயனிகள்; சிலருக்கு லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களும் கிளர்ந்து சதையே அழிந்தது. டீபியூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். வகை மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது அந்தக் கதைதான்.

அதனால் அத்தையின் தீர்ப்பை நான் பாதிக்கு மேல் ஏற்க மாட்டேன். நைனாவின் உடம்பு உலோகத்தை ஏற்றுக்கொண்டது. டைட்டானியத் தண்டை எலும்பு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது, இரண்டாவது ஆபரேஷனில் அதை அசைக்க வேண்டிய தேவையே வரவில்லை. அடுத்தவர் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் ஒரே அளவு தேய்மானம் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு எலும்பு மளமளவென்று கரைவதும் இன்னொருவருக்குக் கரையாமல் இருப்பதும் உண்டு. அதில் அவரவர் உடம்பின் வாகுக்குப் பங்கு இருக்கிறது. மாமாவின் தீர்ப்புக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் மார்க் போடலாம். மட்டமான சரக்கு இல்லை, அன்றைக்குக் கிடைத்த நல்ல சரக்குதான். அதைக் காற்றுப்பட வைத்து காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்த வழக்கம் பிளாஸ்டிக்கை நாளடைவில் ஆக்சிஜனேற்றம் செய்து பலவீனமாக்கியது என்பது பிற்பாடு தெரிந்தது. மாடி அக்காவின் தீர்ப்புதான் எனக்குக் கோபம் வருவது. அடி வைத்தால் தேயும், நிஜம். ஆனால் நடக்கத்தானே மூட்டு மாற்றினார்கள்? பிள்ளைகளைப் படிக்கவைக்க லேத்தில் நின்ற மனுஷனிடம் "நீ சும்மா இருந்திருக்கணும்" என்று சொல்வது என்ன நியாயம்? அவர் கோட்டைவிட்டது நடையில் இல்லை. வலி இல்லாத வருடங்களில் எடுக்காமல்போன எக்ஸ்ரேயில் இருந்தது. அதை எடுத்திருந்தால் கிண்ணம் ஆடும் முன்னே லைனரை மட்டும் மாற்றிக் குழிகளை அடைத்து முடித்திருக்க வாய்ப்பு உண்டு. அவருக்கு அதை அழுத்திச் சொன்னவரும் யாருமில்லை.

இப்போது அவருக்குள் இருப்பது குறுக்கிணைப்புச் செய்த பாலிஎதிலீன். கூடுதல் கதிர்வீச்சால் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து, பிறகு சூடுபடுத்தி, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டக்கூடிய மிச்ச ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குகிறார்கள். சிலவற்றில் வைட்டமின்-ஈ சேர்ப்பதும் உண்டு. 1990-களின் கடைசியில் வந்தது. தேய்மானம் பழையதில் சிறு பங்குதான். எலும்பரிப்பும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. நைனாவின் போன எக்ஸ்ரேயில் பந்து நடுவில்தான் நிற்கிறது. மருந்தால் தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: எலும்புத் தேய்வுக்குப் போடும் டெனோசுமாப் ஊசி ராங்க்-எல்லையே பிடித்துக் கட்டிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மறு ஆபரேஷனுக்குக் காத்திருந்த சிலருக்கு அதைப் போட்டு, எடுத்த திசுவைப் பார்த்ததில் கரைக்கும் செல்கள் மிகவும் குறைந்திருந்தன. ஆனால் அது சிறிய ஆய்வு, மூட்டு கூடுதல் வருடம் நிற்குமா என்பது வேறு கேள்வி. அந்த ஊசியைத் திடீரென்று நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரையும் ஆபத்தும் உண்டு. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

காலடிப்பேட்டை சின்னம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று. முழங்காலில் துணுக்குகள் கொஞ்சம் பெரிதாக உதிரும், எலும்பரிப்பு இடுப்பைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வருடம் திரும்பியதும் எக்ஸ்ரேவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். "மெட்ரோ படியே ஏறுறேன், எனக்கு இன்னாத்துக்கு?" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். போன மாதம் நைனாவே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார். டாக்டர் படத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்த படத்துக்கு இந்தத் தேதியில் வாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார். "ஒண்ணுமே இல்லன்னு சொல்றதுக்கு முன்னூறு ரூவா ஆட்டோவா" என்று சின்னம்மா இன்னும் நைனாவோடு சரியாகப் பேசவில்லை.